வங்காளப் பாட்டுக்குத் தாளம்

எண்பத்தாறாம் ஆண்டு இலையுதிர்காலம். ஓகூஸ் என்ற ஐரோப்பிய நகரின் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு யாழ்ப்பாணத்துப் பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

“நாளைக்கு நூலகத்தில அந்த வங்காளத்துப் பாவுல் பாடகருக்கு நான்தான் தாளம் போடப்போறன்.”

“ஊரூராய்ப் பாடித் திரியிறவருக்கோ? உனக்கென்ன விசரே? நீ பெந்தெகொஸ்தே சபைக்காரியல்லோ!”

“அவரோட தாளம் போட வந்தவருக்குக் காய்ச்சல். நான் நூலகத்தில வேலைக்கு நிலம் கூட்டிக்கொண்டு நிக்கேக்க அவர் ஒற்றைத் தந்தியை மீட்டிப் பாடினார். என்ர கை தன்ர பாட்டில தாளம் தட்டிச்சுது. அதைக் கண்டிட்டுத்தான் கேட்டவர்.”

“பாட்டு விளங்கினதே?”

“ஒரு சொல்லும் விளங்கேல்லை. பிறகு இங்கிலீசில சொன்னார். கடவுளைத் தேடி அலையத் தேவையில்லை, இந்த உடம்புக்குள்ளதான் இருக்கிறாராம். எங்கட பாஸ்டரும் உடம்பைக் கோயில் எண்டுதானே பிரசங்கிக்கிறவர்.”

“அதை அவரிட்டச் சொல்லிப் பார். சபையை விட்டே தள்ளிப்போடுவார்.”

“நேற்றே சொல்லிப்போட்டன்.”

“பிறகு?”

“‘தாளம் பிந்தக்கூடாது, சிஸ்டர்’ எண்டார். முன்வரிசையில வந்து இருக்கப்போறாராம்.”

மற்றவள் இறங்குவதற்கு மணியை அழுத்திவிட்டு எழுந்தாள்.

“அப்ப எனக்கும் ஒரு கதிரை பிடிச்சு வை.”