தானாக வராத நெட்டு

காலையில் ராசிபுரத்திலிருந்து சேலம் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் ஒரு பெரியவரும் ஓர் இளையவரும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“சண்டை போட்டதுலருந்து என்ற சம்சாரம் ஊட்டுல பேசறதே இல்லீங்ணா. ஜெராக்ஸ் கடையத் தொறந்ததும் போன் மட்டும் பண்ணுவா. லினக்ஸு கம்ப்யூட்டரப் போட்டா நெட்டு தானா வராது. நான் சொல்லச் சொல்ல ஆன் பண்ணுவா.”

பெரியவர் சிரித்தார். “தானா வர்றதுக்கு செட்டிங்ஸ்ல ஒரு டிக்கு அடிச்சாப் போதுமே. உனக்குத் தெரியாதாக்கும்?”

“தெரியுமுங்ணா. அடிச்சுட்டா அந்தப் போனும் வராதுங்களே.”

“நல்ல மெக்கானிக்குப்பா நீ.”

அப்போது இளையவரின் போன் அடித்தது.

“சொல்லு, நெட்டு வரலையா? வந்துருச்சா? டிக்கு நீயே அடிச்சுட்டியா? அப்புறம் எதுக்குக் கூப்புட்ட?”

பதிலைக் கேட்டுவிட்டு, வைத்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னவாமா?”

“சும்மாதான் கூப்புட்டாளாமுங்ணா.”