தாழ்ப்பாள் உள்பக்கம்

– உள்ள யாரு?

– நான்தான் மேடம்.

– நான்தான்னா எந்த நான்தான்?

– இந்த ரோட்டோரக் கேபினைக் கட்டினவன். சீல் வச்ச ரூமுக்குள்ள ஒரு ஆளும் இருக்கான்னு ஆபீசுக்குப் போன் பண்ணினேனே. நீங்க யாரு?

– இன்ஜினியர். சீல் வைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவ.

– வாங்க வாங்க. உக்காருங்கன்னு சொல்லலாம், ஆனா நாற்காலியும் என்கூட உள்ள மாட்டிக்கிச்சு.

– காலைல ஏழு மணிக்கு பியூன் வந்து சங்கிலி கோத்து, பூட்டு மாட்டி, அரக்கும் வச்சிட்டுப் போயிருக்கான். அவ்வளவு நேரம் நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?

– தூங்கிட்டிருந்தேன். கட்டில் எப்படி இருக்குன்னு சோதிச்சுப் பாக்கப் படுத்தேன். சோதனை கொஞ்சம் அதிகமா வெற்றியாயிடுச்சு.

– அவன் சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கான்.

– சுவருக்குள்ள ஒரு சாண் கனத்துக்கு உமி அடைச்சிருக்கேன். வெயில் வராது, லாரி சத்தம் வராதுன்னு பெருமையா சொல்லிக்கிட்டவன் நான். பியூன் சத்தமும் வராதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

– கதவுல 'ஆள் இல்லை'ன்னு பலகை வேற தொங்குது.

– திருப்பி மாட்டினா 'ஆள் இருக்கு'. திருப்ப மறந்துட்டேன். எழுத்து நல்லா இருக்கா? நானே எழுதினது.

– ஜன்னல் வழியா வெளிய வந்திருக்கலாமே.

– ஒன்பது அங்குல ஜன்னல் மேடம். உச்சி வெயில் உள்ள இறங்கக் கூடாதுன்னு யோசிச்சு வச்சது. வெயிலைக் கணக்குப் பண்ணினவன் தொப்பையைக் கணக்குப் பண்ணலை. தலை வெளிய வந்துச்சு. மத்ததெல்லாம் வர மாட்டேன்னுடுச்சு.

– சரி, அரக்கை உடைச்சாச்சு. பூட்டையும் எடுத்தாச்சு. வெளிய வாங்க.

– சங்கிலி?

– அதையும் உருவிட்டேன். இதென்ன, கதவு அசைய மாட்டேங்குது?

– அசையாது. உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டேன்.

– எப்போ?

– நீங்க அரக்கை உடைச்சிட்டிருக்கும்போது. காலைலேருந்து வெளிய போகணும் போகணும்னு துடிச்சேன். வழி கிடைச்சதும் போக மனசில்லை.

– விளையாடாதீங்க சார். பதினோரு மணிக்கு லாரி வருது. கேபினைத் தூக்கிட்டுப் போய் யார்டுல போடணும்.

– தூக்கட்டும். என்னையும் சேத்துத் தூக்கட்டும். தொண்ணூத்திரண்டு கிலோ, முன்கூட்டியே சொல்லிடுறேன்.

– நாலு பேர் பத்து நிமிஷத்துல தூக்கிடலாம்னு நீங்க கொடுத்த வரைபடத்துலயே எழுதியிருக்கு.

– அது எதுக்கு எழுதினேன்? ஒரு கைப்பிடி சிமென்ட் போடாம நாலு கல்லு மேல உக்கார வச்சிருக்கேன். என்னைக்காவது வேண்டாம்னா, எடுத்த இடத்துல மறுபடி புல்லு முளைக்கணும்னு எழுதினேன். நல்ல எண்ணத்துல எழுதினதை இப்படியா படிப்பாங்க?

– மூணு நோட்டீஸ் அனுப்பினோம். ரூல் ரூல்தான் சார். ஆள் தங்குற இடம்னா பூட்டு வேணும், வாட்ச்மேன் வேணும், வர்றவங்க பேரை எழுத ரெஜிஸ்டர் வேணும்.

– அதெல்லாம் லாட்ஜுக்கு. இது சைக்கிள்ல ஊர் ஊராப் போறவங்களுக்கு. இந்தப் பக்கம் அறுபது கிலோமீட்டர், அந்தப் பக்கம் எழுபது. நடுவுல வெளியூர்க்காரங்க ராத்தங்க ஒரு கூரை கிடையாது. அதான் பழைய பேக்கிங் பலகையை வாங்கிக் கட்டினேன். கூரைத் தண்ணிக்கு ஒரு டிரம். ஒரு விளக்கு எரிய, ஒரு போன் சார்ஜ் ஏற, அதுக்குத் தக்க சோலார். சைக்கிளை வெளிய விட்டுட்டு அவங்களால கண்ணை மூட முடியாது, அதனால கட்டிலுக்குப் பக்கத்துல அதுக்கும் இடம். முதல் தடவை ஹேண்டில்பாரை அளக்க மறந்து ஒரு சுவரையே பிரிச்சேன், அந்தக் கதை வேண்டாம்.

– எல்லாம் நல்லாத்தான் இருக்கு. யார் இல்லைன்னா? வாட்ச்மேனைக் கூட விட்டுடுறேன். பூட்டு மாட்டுறேன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க, லாரியைத் திருப்பி அனுப்பிடுறேன். போதுமா?

– சாவி யார்கிட்ட இருக்கும்?

– ஆபீஸ்ல.

– அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடிடும். ஏத்தத்தை மிதிச்சு முடிச்சு, தொப்பலா நனைஞ்சு, ஆறரைக்கு வந்து நிக்கிறவங்க யாரைக் கேப்பாங்க? எழுதித் தர மாட்டேன் மேடம்.

– திருடன் புகுந்தா?

– புகுந்து? உமியைத் திருடுவானா? உள்ள படுக்கிறவங்களுக்குத் தாழ்ப்பாள் இருக்கு. அது எவ்வளவு பலம்னு நீங்களே இழுத்துப் பாத்துட்டீங்க.

– நான் போலீசைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

– கூப்பிடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. வளைவுல இருக்கிற குவார்ட்டர்ஸ்தானே உங்க வீடு? இந்த ரோட்டுல அதுதான் கடைசி வீடு.

– அதுக்கென்ன?

– மழைல ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்து உங்க கதவைத் தட்டினா, திறப்பீங்களா?

– ஃபைலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

– ஃபைலை ஓரமா வைங்க. திறப்பீங்களா?

– நான் தனியா இருக்கிறவ. வர்றது யாரு எவருன்னு எப்படித் தெரியும்?

– தப்புன்னு சொல்லலையே. நானே திறக்க மாட்டேன். யாராவது தட்டினா டிவி சத்தத்தைக் குறைச்சுட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற ரகம் நான். அவ்வளவு வீரன். அதனாலதான் இதைக் கட்டினேன். எங்க வீட்டுக் கதவைத் திறக்கத் தைரியம் இல்லாதவன், திறந்தே இருக்கிற கதவு ஒண்ணாவது செஞ்சு வைக்கலாம்னு.

– அப்புறம் என்னை எதுக்குக் கேக்குறீங்க?

– இதையும் பூட்டச் சொல்றது நீங்கதானே. திறப்பீங்களா மாட்டீங்களா?

– மணி பத்தேமுக்கால்.

– அது பதில் இல்லை.

– லாரி கிளம்பிடுச்சாம். டிரைவர் மெசேஜ் அனுப்பியிருக்கார்.

– அதுவும் பதில் இல்லை. மேடம்? போயிட்டீங்களா?

– இல்லை. படியில உக்காந்திருக்கேன்.

– நேரா சொல்லுங்க. திறப்பீங்களா?

– திறக்கலை.

– நான் கேட்டது, திறப்பீங்களான்னு.

– காதுல விழுந்துச்சு. திறக்கலை. போன மழைக்கு ஒரு பொண்ணு வந்து தட்டுச்சு. அக்கா, அக்கான்னு நாலு தடவை கூப்பிட்டுச்சு. நான் விளக்கை அணைச்சுட்டுச் சுவரோரமா நின்னேன். சைக்கிள் சத்தம் வளைவைத் தாண்டிப் போற வரைக்கும் அசையலை.

– அந்தப் பொண்ணு?

– தெரியாது. எங்க போச்சு, எங்க ஒதுங்குச்சு, ஒண்ணும் தெரியாது. ரெண்டு மாசம் கழிச்சு நீங்க இதைக் கொண்டுவந்து வச்சீங்க. தினமும் நான் ஆபீஸ் போற வழி. பூட்டில்லாத இந்தக் கதவைப் பாத்துக்கிட்டே தாண்டிப் போக என்னால முடியலை. ரூல் புஸ்தகத்தைத் தூசி தட்டித் தேடினேன். யாரும் புகார் கொடுக்கலை சார். நானா எழுதினது.

– மேடம்...

– லாரி ஏத்தத்துல வருது. தாழ்ப்பாளை எடுங்க.

– உங்க இடத்துல நானும் அப்படித்தான் நின்னிருப்பேன். ஆனாலும் வெளிய வர மாட்டேன் மேடம்.

– யார் உங்களை வெளிய வரச் சொன்னா? நகருங்க, நான் உள்ள வர்றேன்.