இரண்டாவது தோட்டா

சின்னக் கைத்துப்பாக்கிக்குத் தோட்டா தேர்ந்தெடுப்பது செருப்பு வாங்குவதைப் போலத்தான். ஊருக்கெல்லாம் பொருந்துவது நம் காலைக் கடிக்கும். கென்டக்கியில் எங்கள் சிற்றூர்த் துப்பாக்கிக் கடையில் இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் வருகிறவர்களிடம் சொல்லிவருகிறேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், ஷெரிஃப்.

மார்லா என் தம்பி டர்ரலின் மனைவி. பிப்ரவரியில் தனி வீட்டுக்குப் போய்விட்டாள். டர்ரல் அவளை நெருங்கக் கூடாதென்று கோர்ட் உத்தரவு இருந்தது. காகிதத்தைத் தாழ்ப்பாளாகப் போட முடியாதே. ஏப்ரலில், அவள் அக்கா கொடுத்த துப்பாக்கியோடு கடைக்கு வந்தாள். உள்ளங்கையில் அடங்குகிற துப்பாக்கி. அவளுடைய இடது கண்ணைச் சுற்றி, அவன் அடித்த இடம் இன்னும் மஞ்சளாக இருந்தது.

"இதுல எதைப் போடணும், ஹாலிஸ்? எனக்கு ஒண்ணும் புரியல."

"பழகுறதுக்கு உருண்டை முனைத் தோட்டா. துப்பாக்கிக்குள்ள சிக்காம வழுக்கிக்கிட்டுப் போகும். பையில வச்சுக்கக் குழி முனை. பட்ட இடத்துலயே நின்னுடும், சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகாது."

"உங்க தம்பி வந்தா தடுக்கத்தான் கேக்குறேன். தெரியுதுல்ல?"

"தெரியுது."

"இந்த ஊர்ல உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

குழி முனையில் ஒரு தொல்லை உண்டு. சில சின்னத் துப்பாக்கிகள் அதை விழுங்காமல் தொண்டையில் சிக்கவைத்துக்கொள்ளும். அதனால் பையில் வைக்கப்போகிற தோட்டாவையே சுட்டுப் பார்க்க வேண்டும். பலர் செய்வதில்லை. நான் செய்தேன். அவளைக் காப்பி குடிக்கச் சொல்லிவிட்டு, கடைக்குப் பின்னால் குழி முனையில் இரண்டு வகைகளைச் சுட்டேன். ஒன்று தடங்கலில்லாமல் ஓடியது. மற்றதில் முதல் தோட்டா வெடித்தது, இரண்டாவது சிக்கிக்கொண்டது. மூன்று முறை சுட்டுப் பார்த்தும் அப்படியே.

சிக்கியதைத்தான் அவளுக்குக் கொடுத்தேன்.

"சுட்டுப் பாத்துட்டேன். பயப்படாம வச்சுக்கோ" என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமைதோறும் வந்து உருண்டை முனையில் பழகினாள். குறி நேராகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு வாரமும் சொல்லிவிட வாயெடுப்பேன். வராது. என்ன செய்திருக்க முடியும்? அம்மா இறந்தபோது டர்ரலுக்கு ஒன்பது வயது. நான் சமைத்துப் போட்டு வளர்த்த பிள்ளை.

மே மாதம் அவன் கடைக்கு வந்தான்.

"அவ துப்பாக்கி வச்சிருக்காளாமே. தோட்டா நீதான் குடுத்தியா?"

"அங்க போகாதடா."

"சுட்டுருவாளா, ஹாலிஸ்?"

அவன் உதடு உலர்ந்திருந்தது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"மொதக் குண்டுக்கு ஒதுங்கிக்கோ. ரெண்டாவது வராது."

பயம் தெளியட்டும் என்றுதான் சொன்னேன். கதவைப் பூட்டிவிட்டு உங்களுக்கு ஒரு போன் செய்திருக்கலாம். போனைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வியாழக்கிழமை காலை அவன் அங்கே போனான். முதல் தோட்டா கதவு நிலையில் பாய்ந்திருந்ததாக நீங்கள்தான் சொன்னீர்கள். சிக்கியதை எடுக்கப் போராடியதில் அவள் விரல்நகம் பெயர்ந்திருந்ததாம். சமையலறைக் கத்தி அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் தாங்கவில்லை.

ஆம், தெரிந்தேதான் கொடுத்தேன். அப்படியே எழுதுங்கள். ஆனால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மார்லா கடைசிவரை யாரையும் கொல்லவில்லை. அந்தப் பாவம் அவள் தலையில் விழாமல் நான் காப்பாற்றிவிட்டேன்.