மூக்கர் சிபாரிசு

இந்த மேசைகிட்டதான் தம்பி, என் வீட்டுக்காரிய கடைசியா உயிரோட பாத்தேன். நீங்க கை வச்சிருக்கீங்களே, இதேதான். அட, கைய எடுக்க வேணாம், இருக்கட்டும். எனக்குப் பிடிச்ச ஒயின் எதுன்னு கேட்டா எங்கயோ போறான் கிழவன்னு பாக்காதீங்க. அதுக்குத்தான் பதில் சொல்லிக்கிட்டிருக்கேன்.

யாருக்கு வாங்குறீங்க? மாமனார் வீட்டுக்கா? மொதல் தடவையா! அப்ப கொஞ்சம் யோசிச்சுத்தான் எடுக்கணும். சிவப்புன்னா இந்த பினோ நுவார். பிரெஞ்சு பாணியில செஞ்சது, பிரெஞ்சுச் சரக்கு இல்ல. மாமனாருக்குத் தெரியவா போகுது. பென்சில் சீவுனா ஒரு வாசன வருமே, அது மொதல்ல வரும், பின்னாலயே செர்ரி வரும். வெள்ளன்னா இந்த ஷார்டனே. இஸ்திரி போட்டு அப்பத்தான் எடுத்த சட்டை மாதிரி, கதகதன்னு, சுத்தமா. மாமியாரும் ஒரு வாய் குடிப்பாங்கன்னா ரோஸ் கலர்ல இருக்கே, அந்த ரோசே. மழை விட்டதும் கல்லுத் தரை மணக்கும் பாருங்க, அது. சிரிக்காதீங்க, குடிச்சா நீங்களே சொல்வீங்க.

மூக்கரா? யாரு, உங்க ஆபீஸ்ல சொன்னாங்களா? ஆமா, இந்தத் தெருவுல எனக்கு அதான் பேரு. ஒரு காலத்துல அதக் கேட்டா நெஞ்ச நிமித்துவேன். இப்ப மூஞ்சிய எங்க வச்சுக்கறதுன்னு தெரியல.

ஒரு சனிக்கிழம சாயங்காலம். ருசி பாக்க வாங்கன்னு வாடிக்கைக்காரங்க இருபது பேரக் கூப்பிட்டிருந்தேன். மொதல்ல சிரான்னு ஒரு சிவப்பு ஒயின். திறந்து, மூக்குகிட்ட வச்சு, கண்ண மூடி, ஆகான்னேன். எல்லாரும் ஆகான்னாங்க. அவ இந்த மேசைகிட்ட நின்னு கிளாஸ் துடைச்சுக்கிட்டிருந்தா. ஒண்ண எடுத்து மோந்து பாத்துட்டு என் காதுகிட்ட வந்தா. என்னங்க, தக்கை கெட்ட பாட்டில் இது, ஈர அட்டைப்பெட்டி நாத்தம் அடிக்குது, ஊத்தாதீங்கன்னா. எனக்கு மட்டும் கேக்குற மாதிரிதான் சொன்னா. நான்தான் ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னேன். உனக்குச் சளி பிடிச்சிருக்கு, போய் மாத்திரை வாங்கிப் போடு, மூக்கு வேலைய நான் பாத்துக்கறேன்னு. ஒரே சிரிப்பு. அவளும் சிரிச்சா தம்பி. அதான் இன்னைக்கும் தாங்கல. துணிய மடிச்சு வச்சா, கோட்ட மாட்டிக்கிட்டா, சரிங்கன்னு போயிட்டா.

ஊத்தினேனாவா? ஊத்தினேன். இருபது பேரும் குடிச்சாங்க. ஒருத்தர் காட்டு வாசனன்னார். ஒருத்தர் பழைய புத்தகம்னார், அவராச்சும் கொஞ்சம் கிட்ட வந்துட்டார். நானும் ஒரு கிளாஸ் முழுசாக் குடிச்சுக் காட்டினேன். உள்ளுக்குள்ள என்ன நெனச்சேன் தெரியுமா? நல்லவேள, அவ போயிட்டான்னு.

ரெண்டாவது சுத்து ஊத்தும்போது பக்கத்து மருந்துக்கடைக்காரர் ஓடி வந்தார். அவர் கடையிலயே விழுந்துட்டா. நெஞ்சு. நான் போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அவர்கிட்ட சளி மாத்திரை கேட்டிருக்கா.

சளியா? அவளுக்கு ஏது சளி. நான் சொல்லிட்டேன்ல, அதுக்காகப் போய் வாங்கியிருக்கா. அவ எங்க போறான்னு சன்னல் வழியா எல்லாரும் பாப்பாங்கல்ல.

மூக்கு இல்லாதது எனக்குத்தான் தம்பி. ஒரு காய்ச்சல்ல வாசன தெரியாமப் போச்சு, ஒம்போது வருஷமாச்சு. அதுக்கப்புறம் மோந்ததெல்லாம் அவ. ஞாயித்துக்கெழம உக்காந்து ஒவ்வொண்ணா சொல்லுவா, நான் ஸ்கூல் பையன் மாதிரி மனப்பாடம் பண்ணிட்டு வந்து இங்க ஒப்பிப்பேன். யார்கிட்டயும் ஒரு வார்த்த விட்டதில்ல அவ. பென்சில், சட்டை, கல்லுத் தரை எல்லாம் அவ வாய்ல வந்தது. நான் பேர் வாங்கினேன்.

எது, மேல்தட்டுல இருக்கறதா? அது நல்லாருக்குமான்னு எனக்குத் தெரியாது. அதெல்லாம் அவ போனப்புறம் வந்தது. அவ ருசி பாத்ததுல இன்னும் கடைக்கு வர்றது நான் சொன்ன மூணுதான்.