மருந்து போடாத தட்டு

எங்கள் வீட்டில் ஒரு பிடிச் சோறு குப்பைக்குப் போனதில்லை, மோகனராஜ் தம்பி. மிஞ்சினால் பூனைக்கு, பூனைக்கு வேண்டாம் என்றால் காக்கைக்கு. இன்ஸ்பெக்டர் என்ற முறையில் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

பத்து காவானில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக உதவியாளனாக இருக்கிறேன். அங்கே ஒரு புரதம் வாங்கி வைப்போம். மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து வளர்த்து எடுப்பது. குப்பியின் அடியில் மாவுத் தூசி போல ஒட்டியிருக்கும். தோலின் செல்லுக்கு ‘வளர்’ என்று சேதி சொல்வது அதன் வேலை. லேபிளில் ‘ஆய்வுக்கு மட்டும், மனிதருக்கு அல்ல’ என்று அச்சடித்திருப்பார்கள். தேதி முடிந்தால் அழித்துவிட வேண்டும் என்பது விதி. நேற்று வேலை செய்த பொருள் இன்று விடிந்ததும் செத்தா போகும்? நான் அழிக்கவில்லை. சோற்று டப்பாவில் ஐஸ் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். திருட்டு என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகை முடிந்ததும் டத்தோ கிராமாட்டில் என் ஃபிளாட் வாசலில் ஐந்தாறு பேர் தண்ணீர் பாட்டிலோடு நிற்பார்கள். ஓதி ஊதிக் கொடுப்பேன். என் வாப்பா செய்தது, நானும் செய்கிறேன். இந்துக்களும் வருவார்கள். மூன்றாம் மாடி வடிவம்மாள் அப்படி வந்தவர்தான். சர்க்கரை நோய், குதிகால் புண் நான்கு மாதமாக ஆறவில்லை. காய்ச்சி ஆறவைத்த உப்புநீரில் புரதத்தைக் கரைத்து, ஓதி, ஸ்பிரே பாட்டிலில் கொடுத்தேன். புரதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. உதவி செய்கிறவன் அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. ஆறே வாரத்தில் புதுத் தோல் மூடியது.

“அண்ணே, உங்க ஓதல்தான்லா ஆத்துச்சு,” என்றார் வடிவம்மாள். “அப்படியே அந்த லிஃப்டுக்கும் கொஞ்சம் ஊதிவிடுங்க. மூனு வாரமா ரோசாக், ஏறவே மாட்டேங்குது.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அடுத்த வெள்ளி ஹமீதா வந்தார். எங்கள் தெருமுனையில் காலையில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, விற்பவர். கால் பெருவிரலில் அதே மாதிரிப் புண். அவருக்கும் ஒரு பாட்டில் கொடுத்தேன். வாரா வாரம் அளவுகோல் வைத்துப் புண்ணை அளந்து நோட்டில் குறித்தேன். அந்த நோட்டு உங்கள் மேசைமேல்தான் இருக்கிறது. அவர் வரும்போதெல்லாம் எனக்கென்று ஒரு பொட்டலம் நாசி லெமாக் கொண்டுவருவார். ஒரு பருக்கை மிச்சம் வைத்ததில்லை.

நான்காவது வாரம் நொண்டிக்கொண்டு வந்தார்.

“அண்ணே, காலு நாறுது. எம்மக ஷஹீரா வீட்டுல ஒரே சத்தம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போம்மான்னு. போகவா?”

“இன்னும் ரெண்டு வெள்ளிக்கிழமை பொறுத்துக்கங்க, தங்கச்சி.”

“நீங்க சொன்னா சரிதான். மகளுக்கு என்னா தெரியும், சின்னப்புள்ள.”

ஆறாவது வாரம் அந்தச் சின்னப்புள்ள அவரைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். விஷம் அதற்குள் இரத்தத்தில் ஏறிவிட்டது. ஒன்பதாம் நாள் மௌத்தானார். ஜனாஸா தொழுகையில் நான் முதல் வரிசையில் நின்றேன்.

என் குப்பிதான் ஹமீதாவைக் கொன்றது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பத்திரிகைக்காரர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அது அபாண்டம். அவருடைய பாட்டிலை எந்த ஆய்வுக்கூடத்துக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள். புரதம் ஒரு துளிகூட இருக்காது. உப்புநீர் மட்டும்தான், ஓதிய உப்புநீர்.

நீங்கள் ஏன் பேனாவைக் கீழே வைக்கிறீர்கள்? கேளுங்கள். செல் வளர்க்கும்போது நாங்கள் இரண்டு தட்டு வைப்போம். ஒன்றில் மருந்து போடுவோம். மற்றதில் எல்லாம் அப்படியே இருக்கும், மருந்து மட்டும் இருக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் டாக்டர் நூருல் ஹுதா கேட்டார்: “சுலைமான், மருந்து போடாத தட்டு எங்க? அது இல்லாட்டி நீங்க பாத்தது ஒண்ணுமே இல்ல.” பத்தொன்பது வருடமாக அதை மறந்ததில்லை. வடிவம்மாளின் காலை ஆற்றியது புரதத் தூளா, நான் ஓதிய துஆவா என்று ஒருவர் காலை மட்டும் பார்த்து எப்படிச் சொல்வது?

ஏன் ஹமீதா என்று கேட்பீர்கள். ஐந்து வேளையும் தொழுகிறவர். துஆ பலிக்க அவரைவிடத் தகுதியானவர் எங்கள் பகுதியில் யார்? ஆஸ்பத்திரிக்கு ஏன் விடவில்லை என்று கேட்பீர்கள். அவர்கள் மருந்து கலந்துவிட்டால் ஆற்றியது எது என்று யாராலும் சொல்ல முடியாது. அப்போது என் ஐஸ் பெட்டியில் பதினொரு குப்பிகள் இருந்தன. அவற்றை நீங்களே எடுத்துப் பார்த்தீர்கள். ஒன்றைக்கூட நான் வீணாக்கவில்லை.

ஹமீதாவை நான் ஏமாற்றவில்லை. ஓதிய தண்ணீர் கேட்டார். ஓதிய தண்ணீர்தான் கொடுத்தேன். பொய்யான பாட்டில் வடிவம்மாளுடையதுதான். அவர் இன்று படியேறி நடக்கிறார். இதில் எதற்காக நான் தலைகுனிய வேண்டும்?

பேனாவை எடுங்கள், தம்பி. கடைசியாக ஒன்றுதான். என் துஆ பலிக்கும் என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.