உலைக்கு முந்திய வண்டல்

மதுரை பழங்காநத்தத்தில் பஸ் ஏறிய பெண் நாலைந்து பிளாஸ்டிக் டப்பாக்களை மடியில் அடுக்கிப் பிடித்தபடி என் முன் சீட்டில் உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் இருந்தவர் கொட்டாம்பட்டி விவசாயி. ஏறியதிலிருந்து அதைப் பஸ்ஸுக்கே சொல்லிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, திருநெல்வேலி அல்வாவா?”

“இல்லண்ணே, வண்டல். தெக்க அணு உலை கட்டுறாங்கல்ல, அதுக்குப் பக்கத்துக் குளத்துல எடுத்தது. கதிர்வீச்சு எவ்வளவு இருக்குன்னு லேப்ல பார்க்கணும்.”

அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார்.

“பயப்படாதீங்கண்ணே. உலை இன்னும் ஓடவே இல்ல.”

“ஓடாத உலைக்கு எதுக்கும்மா இம்புட்டு மண்ணு?”

“எல்லா மண்ணுலயும் இயற்கையாவே கொஞ்சம் இருக்கும். இன்னைக்கு உள்ள அளவை எழுதி வச்சாத்தான் நாளைக்குக் கூடுச்சான்னு தெரியும். இல்லாட்டி, இங்க எப்பவுமே இப்படித்தான்னு சொல்லிருவாங்க.”

துண்டு மெல்ல இறங்கியது. இரண்டு ஸ்டாப் கழித்து அவர் மேல் டப்பாவின் மூடியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“கோடையில எங்க கண்மாய் வண்டலைத்தான் வண்டி வண்டியா வயலுக்கு அடிப்போம். அதுல விளைஞ்சதைத்தான் திங்கிறோம். நாளைக்கு உங்க லேப்புக்கு ஒரு டப்பா கொண்டாரேன், அதையும் பார்த்து எழுதி வையும்மா.”

அவள் சிரித்துவிட்டாள். “உங்க ஊர்ப்பக்கம் உலை எதுவும் வரலையேண்ணே.”

அவர் சிரிக்கவில்லை.

“வர்றதுக்கு முன்னாடியே எடுக்கணும்னு நீதானம்மா சொன்ன?”