நிச்சயத்துக்கு வச்ச வைன்

அக்னஸ்: ஜெனவீவ், மறுபடியும் நாக்குல வச்சுப் பாரு.

ஜெனவீவ்: பாத்துட்டேம்மா. புளிப்புதான்.

அக்னஸ்: திராட்சைப் புளிப்பா, ஊறுகாப் புளிப்பா?

ஜெனவீவ்: ஊறுகா.

அக்னஸ்: அப்ப வினிகராப் போச்சு. சாயங்காலம் பாலிங்லேருந்து மாப்பிள்ள வீட்டுக்காரங்க வேன் புடிச்சு வர்றாங்க. உன் நிச்சயத்துக்குன்னே வச்ச ஜாடி.

ஜெனவீவ்: அப்பாகிட்ட சொல்லணுமேம்மா...

அக்னஸ்: சொன்னா என்ன செய்வாரு?

ஜெனவீவ்: நிப்பாட்டிருவாரு.

அக்னஸ்: உங்கப்பா குடும்ப வழக்கம் அது. நிச்சய வைன் கெட்டா அந்தச் சம்பந்தமே கெடையாது. உன் பிலோமினா அத்தைக்கு அப்படித்தான் நடந்துச்சு. வாசல் வரைக்கும் வந்தவங்களுக்கு மைலோ கலக்கிக் குடுத்து அனுப்பிட்டாங்க.

ஜெனவீவ்: பாவம்லா.

அக்னஸ்: யாரு பாவம்?

ஜெனவீவ்: ...எல்லாரும்தான்.

அக்னஸ்: சரி, எப்படிக் கெட்டுச்சு?

ஜெனவீவ்: மூசா அண்ணன் கடைத் திராட்சை பழசா இருந்திருக்கும்.

அக்னஸ்: அவர இழுக்காத. இவ்ளோ காஞ்ச திராட்சை கேக்குக்கான்னு கேட்டாரு, ஆமான்னேன். அதுக்கு மேல அவரும் கேக்கல. சரக்கு கெட்டிருந்தா மொத வாரமே நாறியிருக்கும். நுரைச்சுப் பொங்கி, அப்ப மேல கட்டியிருந்த துணியவே நனைச்சுச்சே.

ஜெனவீவ்: சீனி கொறஞ்சிருச்சோ?

அக்னஸ்: சீனி கொறஞ்சா வீரியம் கொறையும். வினிகராகணும்னா உள்ள காத்து போகணும்.

ஜெனவீவ்: மூடியச் சுத்தித்தான் மெழுகு வச்சிருந்தீங்களே.

அக்னஸ்: இன்னிக்குக் காலையில நான் ஒடைக்கிற வரைக்கும் மெழுகு அப்படியேதான் இருந்துச்சு. குழாயப் பத்திச் சொல்லு.

ஜெனவீவ்: எந்தக் குழாய்?

அக்னஸ்: அப்பா எஸ்டேட் ஆஸ்பத்திரியிலேருந்து கொண்டாந்த டிரிப் டியூப்தான். ஒரு முனை ஜாடி மூடியில, இன்னொரு முனை தண்ணி போத்தல்ல. உள்காத்து குபுக் குபுக்குனு வெளிய வரும், வெளிக்காத்து உள்ள போகாது.

ஜெனவீவ்: ம்.

அக்னஸ்: அந்த முனை தண்ணிக்கு வெளிய கெடந்துச்சு.

ஜெனவீவ்: ...எலியா இருக்கும்.

அக்னஸ்: எலி. குழாய உருவி, ஈரத்தத் தொடச்சு, ஆணியில அழகா மாட்டிட்டுப் போயிருக்கு. சரி, விடு. பீடோங்ல சீனர் கடையில ஒரு போத்தல் வாங்கி ஊத்திரலாம். யாருக்குத் தெரியப் போகுது.

ஜெனவீவ்: வேணாம்மா!

அக்னஸ்: ஏன்?

ஜெனவீவ்: அப்பா கண்டுபுடிச்சிருவாரு.

அக்னஸ்: அப்பாவுக்கு ஜலதோஷம். இருமல் மருந்த ஊத்திக் குடுத்தாலும் நல்லா இருக்கும்பாரு.

ஜெனவீவ்: அம்மா... நான்தாம்மா எடுத்தேன்.

அக்னஸ்: எத?

ஜெனவீவ்: குழாய. போன ஞாயித்துக்கிழம, நீங்க பூசைக்குப் போயிருந்தப்ப. எனக்கு ஜூலியஸ் வேணாம்மா.

அக்னஸ்: எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி. சொந்த மோட்டார்சைக்கிள்.

ஜெனவீவ்: தெரியும்.

அக்னஸ்: அப்புறம் என்ன?

ஜெனவீவ்: கிறிஸ்மஸுக்கு இங்க வந்தப்ப அவங்கம்மா அவனுக்கு வைன் ஊத்துனாங்கல்ல... ஒரு சொட்டு சட்டையில பட்டுச்சு. அவன் ஒன்னும் சொல்லல, சும்மாப் பாத்தான். அந்தம்மா போத்தலக் கீழ வச்சுட்டு, கைய முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டாங்க.

அக்னஸ்: ...நானும் பாத்தேன்.

ஜெனவீவ்: அப்பா வாக்குக் குடுத்துட்டாரு. நான் சொன்னா கேக்க மாட்டாரு, வைன் கெட்டாக் கேப்பாரு. திட்டுறதுன்னா திட்டுங்கம்மா.

அக்னஸ்: குழாய் ஆணியில தொங்குனத நான் அன்னிக்கே பாத்துட்டேன்.

ஜெனவீவ்: பாத்துட்டா... திருப்பி வைக்கலயா?

அக்னஸ்: வைக்கல. யாரு செஞ்சாங்கன்னு தெரியும். ஏன்னு நீயே வாயத் தொறந்து சொல்லணும்னு இருந்தேன். ஆனா கழுத்து வரைக்கும் நெறஞ்ச ஜாடிடி அது. ஒரு வாரத்துல அதுக்குள்ள எவ்ளோ காத்து போயிரும்?

ஜெனவீவ்: போயிருக்கேம்மா. இவ்ளோ புளிப்பு...

அக்னஸ்: விடியக்காலையில மெழுக ஒடச்சு ஒரு கரண்டி குடிச்சேன். அம்பத்தெட்டாம் வருஷம் இந்த வீட்டுக்கு வந்தவ நான், இன்னி வரைக்கும் அவ்ளோ நல்ல வைன் எனக்கு வந்ததில்ல. அதான் அடுப்படியில இருந்த வினிகர் போத்தல முழுசா உள்ள கவுத்துட்டேன்.